அனைவரும் எழுந்து நிற்கவும்

அத்தியாயம் பதினேழு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள், இடையில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக, காஞ்சிபுரத்தில் ஒரு மொழி காப்பாற்றப்படும். மொழி காப்பாற்றப்படுவதைக் குடும்பத்துடன் வந்து கண்டு களிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். வாகனம் நிறுத்த இடவசதி உண்டு.

இந்த அறிவிப்பு பதினாறடிக்கு எட்டடி பேனரில், பிள்ளையார்பாளையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை ஆறு இடங்களில் கட்டப்பட்டிருந்தது. பேனரின் முக்கால் பங்கை 'சொல்லரண்' முனைவர் காசிநாதன் கைகூப்பி நிறைத்திருந்தார். அருகும் மொழிகள் பாதுகாப்பு மாமன்றத்தின் நிறுவனத் தலைவர். 'சொல்லரண்' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கியது அதே மாமன்றம். வழங்கிய கையும் வாங்கிய கையும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை. பேனரின் கீழ் மூலையில், மண்டபத்தின் விலாசத்துக்குப் பக்கத்தில், ஆதார் அட்டையிலிருந்து வெட்டி ஒட்டினாற்போல் ஒரு சின்ன முகம் இருந்தது. காப்பாற்றப்படவிருக்கும் மொழி அதுதான்.

அந்த முகத்துக்குப் பெயர் தேவேந்திரன். வயது அறுபத்திரண்டு. பட்டுத் தறி நெய்கிறவர்.

போன வாரம் அவரும் மகள் அகிலாவும் முகம் கொடுத்துப் பேசாமல் பிரிந்தது நினைவிருக்கும். சண்டைக்குக் காரணம் அந்த மொழிதான். ஊரில் ஏழு குடும்பங்கள் எந்தக் காலத்திலிருந்தோ தமக்குள் பேசிவந்த பாஷை அது. எழுத்து கிடையாது. பெயரும் கிடையாது. 'வூட்டுப் பேச்சு' என்பார்கள். மாமன்றம் வந்துதான் அதற்குக் 'காஞ்சித் தொல்நெசவு மொழி' என்று பெயர் சூட்டியது. பெயர் சூட்டியபோது பேசுகிறவர்கள் நாலு பேர் இருந்தார்கள். விழாக்குழு அமைப்பதற்குள் இரண்டு பேரானார்கள். மேடை போடும்போது ஒருவர்.

தேவேந்திரனும் அவர் மனைவி தையல்நாயகியும் மகளிடம் தமிழில் பேசினார்கள். மகளுக்குத் தெரியக் கூடாததை வீட்டுப் பேச்சில் பேசினார்கள். அந்த வீட்டில் மகளுக்குத் தெரியக் கூடாதவை நிறைய இருந்ததால் மொழி நன்றாகவே வாழ்ந்தது.

"நீங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்துக்கினு என்னை வாசல்ல நிக்க வச்சீங்க" என்று அகிலா போன வாரம் சொன்னாள். தேவேந்திரன் பதில் சொல்லியிருந்தாலும் அது எந்தப் பாஷையில் வந்திருக்குமோ.

தையல்நாயகி போய் இரண்டு வருடம் ஆகிறது. உள்ளே இப்போது ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாயிறு காலை அவர் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது அகிலா ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். மாமன்றத்தில் திட்ட உதவியாளர் வேலை அவளுக்கு. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பு உண்டா என்பதை விழாவின் கடைசியில் தலைவரே மேடையில் அறிவிப்பார் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கக்கூடிய விஷயத்தை மேடையில் அறிவிப்பது மாமன்றத்தின் மரபு.

"அப்பா, மேடையில கூப்டா நேரா மைக்காண்ட போய் நில்லு. எங்கியோ பாத்துக்கினு நிக்காத."

"இன்னா பேசணும்?"

"இறைவணக்கத்துக்கு அர்த்தம் கேப்பாரு. மலர்ல அச்சடிச்சிருக்குது. அதையே படிச்சாலும் போதும்."

"இன்னா இறைவணக்கம்?"

"அம்மா பாடினதுபா. ரெக்கார்டிங்ல இருக்குது. இருபத்து மூணாவது ஃபைல்."

சவரக்கத்தி கன்னத்தில் பாதி வழியில் நின்றது.

"உங்கம்மாவா? சாமி பாட்டா? அவ கோயிலுக்குப் போனாலே வெளியில விட்ட செருப்பைத்தான் நெனச்சுக்கினு இருப்பா."

"நான் கேட்டேன்பா. ரெண்டரை நிமிஷம் பாடுறாங்க. பின்னாடி தறி சத்தம் கேக்குது."

அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பாதி முகம் நுரையாக இருந்தது.

"அதெல்லாம் எனக்கு வேணாம். அந்த ரெக்கார்டிங்கை எனக்குத் தருவாங்களா, மாட்டாங்களா?"

"இன்னிக்கி மேடையிலயே பென் டிரைவ்ல போட்டுத் தராங்க. போதுமா?"

போதும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். தையல்நாயகி இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு காசிநாதன் வீட்டுக்கு வந்து ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அவள் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனார். அதற்குப் பிறகு தேவேந்திரன் மாமன்றத்துக்குப் பதினோரு முறை நடந்தார். ஆய்வுச் செல்வம் அலுவலகத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். அகிலா வேலைக்குச் சேர்ந்தபோது அவளிடமும் அப்படியே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

தனியாக ஒரு மொழியை வைத்துக்கொண்டு இருப்பதில் உள்ள சங்கடத்தை வெளியில் சொல்ல முடியாது. ஒரு சொல் மறந்துபோனால் கேட்க ஆளில்லை. போன மாதம் பால் காய்ச்சும்போது பாலாடைக்கு வீட்டுப் பேச்சில் என்ன என்பது அவருக்கு மறந்துவிட்டது. மூன்று நாள் யோசித்தார். தறியில் உட்கார்ந்தும் யோசித்தார். இடது பக்கம் கரையைச் சேர்க்கிற கோர்வைக்கு நூல் நாடா தள்ளிக்கொடுக்க இப்போது எதிர்வீட்டு எல்லம்மாள் வந்து உட்காருகிறாள். அவளுக்குத் தெலுங்கு தெரியும், தமிழ் தெரியும், அவருடைய பாஷை தெரியாது. உலகத்தில் அந்தச் சொல் தெரிந்த ஒரே ஆளுக்கு அது தெரியவில்லை.

அந்த நான்கு மணி நேரப் பதிவில் எங்காவது ஓரிடத்தில் அது இருக்கும். தையல்நாயகி ஒரு நாளைக்கு நாலு தடவையாவது பாலைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை.

பத்தரை மணி விழா பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தொடங்கியது. குத்துவிளக்கின் ஐந்து திரிகளை ஏழு பேர் ஏற்றினார்கள். மண்டபம் பாதி நிரம்பியிருந்தது. முன்வரிசைகளில் மாமன்றத்து உறுப்பினர்கள். நடுவில், வந்தால் வருகைப்பதிவு தருவதாகச் சொல்லி அழைத்துவரப்பட்ட மாணவிகள். கடைசி வரிசையில் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து தயாவதி டீச்சர் தலைமையில் வந்த எட்டுப் பெண்கள். கண் சிகிச்சை முகாம் பக்கத்து மண்டபத்தில் என்பது உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சாப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டதும் எழுந்திருக்கவில்லை.

தேவேந்திரனை மூன்றாவது வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். முதலிரண்டு வரிசை மொழியைக் காப்பாற்றுகிறவர்களுக்கு. பக்கத்தில் எல்லம்மாள்.

"ணா, நானும் வீட்ல ஒரு பாஷை பேசுறேன்" என்றாள் அவள் மெதுவாக. "எங்கூட்டுக்கு ஒருத்தரும் மைக் எடுத்துக்கினு வரல."

"உங்க பாஷையை ரெண்டு ராஜ்ஜியம் பேசுது. எங்களுது சாவணும்னு காத்துக்கினு இருந்தாங்க."

அவர் விழா மலரைப் புரட்டினார். முதல் பக்கத்தில் இறைவணக்கம். பாடியவர்: அமரர் தையல்நாயகி. தமிழாக்கம்: சொல்லரண். 'பாற்கடலே, மும்மூர்த்தியே, திருவடி சரணம். ஊடும் பாவுமாய் உலகம் நெய்தாய், எழுந்தருள்வாய்.'

பதிவுகளைக் கேட்டுப் பெயரிட்டு அடுக்கியது அகிலா. இந்தக் கோப்பின் மேல் அவள் 'பாட்டு, பக்தி?' என்று எழுதிவைத்தாள். கேள்விக்குறி மேலே போகும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

காசிநாதன் மைக்கின் முன்னால் வந்து நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இப்போது, மாநிலத்தின் எந்த மேடையிலும் இதுவரை ஒலிக்காத, ஆயிரமாண்டுத் தொன்மை வாய்ந்த இறைவணக்கம். அனைவரும் எழுந்து நிற்கவும்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. இருநூறு பேர் எழுந்தார்கள். கண் முகாம் பெண்கள் கைகூப்பினார்கள். தேவேந்திரனும் எழுந்தார்.

முதலில் தறி சத்தம். மரம் மரத்தில் இடிக்கும் அந்தச் சீரான தட்டு. பிறகு அவள்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் மூக்கால் பாடுகிற குரல். மண்டபத்து ஒலிபெருக்கி அதை எங்கெங்கோ மோதவைத்தது. தேவேந்திரன் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பாடினாள்: ரேஷன் கடைக்குப் போனவர் பாமாயில் வாங்காமல் பையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்.

இந்த இடத்தில் அந்த ஏழு குடும்பங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விருந்தாளி முன்னால் பெண்டாட்டி புருஷனைத் திட்டக் கூடாது. திட்டாமலும் இருக்க முடியாது. அதனால் தறியின் தாளத்தில் ராகம் போட்டுத் திட்டுவார்கள். விருந்தாளி தலையாட்டிக் கேட்பார். புருஷன் முகம் மாறாமல் நாடா தள்ளுவான். சிரித்துவிட்டால் தோற்றான். பிள்ளைகளிடம் அதைப் பாட்டு என்றே சொல்லிவைத்திருந்தார்கள். அகிலாவிடமும் அப்படித்தான்.

அவள் பாடினாள்: காலை மடக்கி உட்கார், பனியன் கிழிசல் தெரிகிறது.

திருவடி சரணம். மேடையில் காசிநாதன் கண்களை மூடி நெஞ்சில் கை வைத்திருந்தார். பதிவுக்கு வந்த அன்று காலையில் அவர் தையல்நாயகியிடம் ஒன்று, இரண்டு, மூன்று, கால், கை, பால் என்று சொல் பட்டியல் எழுதி வாங்கியிருந்தார். பாட்டில் கால் வந்தது, பால் வந்தது, மூன்று வந்தது. பாக்கியைப் புலமை பார்த்துக்கொண்டது.

அவள் பாடினாள்: கண்ணாடிக்காரன் ரெண்டு காபி குடித்துவிட்டான், மூணாவது கேட்கிறான். பாலாடையைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன், அதையும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்தச் சொல் வந்துவிட்டது. பாலாடை. அவள் அதைக் கொஞ்சம் இழுத்தே பாடினாள். தேவேந்திரனின் உதடுகள் அதைச் சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப்பார்த்தன. எழுந்து நின்ற இருநூறு பேரில் எவருக்கும் அவருக்கு என்ன கிடைத்தது என்று தெரியாது.

அவள் பாடினாள்: பால் கார்டை அவன் பேருக்கே மாற்றி எழுதிவிடு.

அப்போது மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

மெல்ல, மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அடக்கிப் பார்த்து முடியாமல் வந்தது. பின்பக்கத்திலிருந்து, தூரத்திலிருந்து. சரியாக அந்த இடத்தில், ஒரு தட்டு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. கதை புரிந்தவர்தான் அங்கே சிரிக்க முடியும்.

தேவேந்திரன் திரும்பினார். கூப்பிய கைகள்தான் தெரிந்தன.

சிரிப்பு அடங்குவதற்குள் தையல்நாயகியின் குரல் தணிந்தது. ராகம் போய்விட்டது. அதே தாளத்தில், பேச்சாக, அவசரமாகச் சொன்னாள்.

காலையிலிருந்து மாரை அடைக்கிறது. இவன் போகட்டும், சொல்கிறேன்.

தறி நாலு தட்டுத் தட்டியது. பதிவு முடிந்தது.

அனைவரும் உட்கார்ந்தார்கள். காசிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மூன்றாவது அடியில் மும்மூர்த்திகளும் வந்து போகிறார்கள், கவனித்தீர்களா" என்று தழுதழுத்தார்.

தேவேந்திரன் நின்றுகொண்டே இருந்தார். எல்லம்மாள் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

தையல்நாயகி அதைச் சொன்னாளா? அவர் அன்று அங்கேதான் இருந்தார். தறியை விட்டு நகரவில்லை. பாமாயில் நினைவிருந்தது. கிழிந்த பனியன் நினைவிருந்தது. பால் கார்டு நினைவிருந்தது. மாரை அடைத்ததைப் பற்றி ஒரு சொல்லும் நினைவில்லை. காசிநாதன் போன பிறகும் அவள் சொல்லவில்லை. பாமாயிலுக்காக மறுபடி கடைக்குத் துரத்தினாள், அவர் போனார். மூன்று வாரம் கழித்து, காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணை மேல் சாயாமல் பக்கவாட்டில் சாய்ந்தாள். அவ்வளவுதான் அவள் காட்டிய கரிசனம்.

ஒருவேளை தனக்குத் தப்பாகக் கேட்டிருக்குமோ. இரண்டு வருடம் பேச ஆளில்லாத காது.

சிரித்த ஆளைக் கேட்டால் தெரியும். அந்த ஆளும் கேட்டிருப்பான். இல்லை, கேட்டிருப்பாள். ஏழு வீட்டில் எதிலோ, சூரத்துக்கோ சேலத்துக்கோ கட்டிக்கொடுத்த பெண் ஒருத்தி திரும்பி வந்திருக்கலாம். அவளைப் பிடித்து, என் பெண்டாட்டி கடைசியில் சொன்னது உனக்கும் கேட்டதா, அது ஒரு மனுஷனுக்குக் கேட்காமல் போகக்கூடிய அளவுக்கு மெல்லியதா என்று கேட்க வேண்டும். பிறகு பாலாடைக்கு என்ன சொல் என்றும் கேட்கலாம். தெரிந்தே கேட்கலாம்.

"எல்லம்மா, யாரோ சிரிச்சாங்களே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ணா. பின்னாடி. சாமி பாட்டுக்குப் போய் சிரிக்குதுங்க பாரு."

ஆக, கனவில்லை.

மூன்று வாழ்த்துரைகள் ஆயின. மொழி என்பது தாய் என்றார் ஒருவர். மொழி என்பது விழி என்றார் அடுத்தவர். மூன்றாமவருக்கு இரண்டும் போய்விட்டதால் மாமன்றக் கட்டட நிதியைப் பற்றிப் பேசினார். பிறகு தேவேந்திரனை மேடைக்கு அழைத்தார்கள்.

பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்துத் தெரு ஆளின் வேலை, ஜரிகை பொய் என்று தொட்டதுமே விரலுக்குத் தெரிந்தது. கண்ணாடிப் பேழை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் ஒரு பென் டிரைவ். நாலு பக்கமும் பசை போட்டு மூடியிருந்தது.

"தொறக்கறது எப்படி?"

"இது நினைவுப் பரிசு ஐயா" என்றார் காசிநாதன். "பார்வைக்கு." மைக்கை அவர் பக்கம் திருப்பினார். "இந்த மொழியின் கடைசிச் சுடர் நம் முன்னே நிற்கிறது. இறைவணக்கத்தின் பொருளை அவர் வாயாலேயே கேட்போம்."

மேடையின் ஓரத்தில் அகிலா கையில் கோப்போடு நின்றிருந்தாள். நேராக நில் என்று கண்ணால் சொன்னாள். அவர் வாயைத் திறந்து பாமாயில் என்று ஒரு வார்த்தை சொன்னால், அவள் பெயர் போட்ட கோப்புதான் முதலில் வெளியே வரும்.

தேவேந்திரன் மைக்கைப் பிடித்தார். வீட்டுப் பேச்சில் சொன்னார்:

இங்கே சிரித்தது யார்? இருக்கிற இடத்திலேயே இரு. பயப்படாதே. கையை மட்டும் தூக்கு, நான் வருகிறேன்.

அவர் கடைசி வரிசை வரைக்கும் பார்த்தார். இருபது இழை போடும் நேரம் காத்திருந்தார். ஒரு கை எழுந்தது. அது மின்விசிறியைக் கூட்டச் சொல்லி எழுந்த கை.

"நான் ரொம்ப நாளா தனியா இருக்கிறேன்" என்றும் அதே பாஷையில் சொன்னார். அதைச் சொல்ல வேண்டும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"ஆஹா" என்றார் காசிநாதன். "வாழ்த்தின் இரண்டாம் பகுதி. அனைவரும் எழுந்து நிற்கவும்."

இருநூறு பேரும் மறுபடி எழுந்தார்கள். கைதட்டல் மேலே தகரக்கூரை வரை போனது. ஒரு மாணவி செல்போனில் படம் பிடித்தாள்.

"தமிழில் பொருள், ஐயா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கிறதுதான்" என்றார் தேவேந்திரன் தமிழில். இறங்கிவிட்டார்.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் சாப்பிடவில்லை. பேழையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். தயாவதி டீச்சர் இலையில் கோயில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, பாட்டு போட்டப்போ இங்க யாராச்சும் சிரிச்சீங்களா? திட்ட மாட்டேன். நல்லதுக்குத்தான் கேக்குறேன்."

"நாங்க சிரிக்கல ஐயா. சிரிப்பு கேட்டுது. எங்களுக்கு முன்னாடியிருந்து வந்துது."

நடுவரிசை மாணவிகளைக் கேட்டார். "பின்னாடியிருந்துதான் தாத்தா" என்றார்கள். சமையல் கட்டின் வாசலில் நின்றிருந்த பரிமாறுகிறவர், "எங்களுக்கு மேலருந்து கேட்டுது பெரியவரே" என்றார். வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு ஓட்டுநர்கள் ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் எழுப்பி, ஒரு வாக்கியம் வீட்டுப் பேச்சில் பேசிப் பார்த்தார். ஒருவர் இந்தி தெரியாது என்றார்.

கை கழுவும் இடத்தில் நீலப் புடவை கட்டிய ஒரு பெண் தனியாக நின்றாள். ஐம்பது வயதிருக்கும். யாரையோ தேடுகிறவள் மாதிரி பார்த்தாள். தேவேந்திரன் கிட்டே போய், பாலாடைக்கான அந்தச் சொல்லை மட்டும் சொன்னார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண் டாக்டர் எப்போ வருவாரு?" என்றாள்.

அகிலா அவரைக் கண்டுபிடித்தபோது மேடைக்குப் பின்னால், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே, பேழையின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விழா மறுபடி தொடங்கிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் காசிநாதன் பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாம இன்னாபா பண்ற இங்க? மண்டபம் பூரா ஆளைப் புடிச்சு விசாரிச்சியாமே."

"சிரிச்சது யாருன்னு தெரியணும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. யாரோ போன்ல எதையோ பாத்திருப்பாங்க."

"இல்லம்மா. உங்கம்மா சொன்னது புரிஞ்சு சிரிச்சாங்க."

அகிலா அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"புரிஞ்சு சிரிக்கிறதுக்கு அதுல இன்னா இருக்குது? அது சாமி பாட்டுதானே?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் அவர்கள் இருவரும் அந்தப் பாஷையில் பேசும்போது இப்படித்தான் மாறி மாறி முகம் பார்ப்பாள், முகத்திலிருந்தாவது ஏதாவது கிடைக்குமா என்று.

"சாமி பாட்டு இல்லியா?"

"பாமாயில் வாங்காததுக்குத் திட்டுறா."

அகிலாவின் உதடு கோணியது. அது சிரிப்பாகவும் போகலாம், வேறாகவும் போகலாம் என்றிருந்தது.

"மும்மூர்த்தி?"

"மூணு காபி. உங்க தலைவரு குடிச்சது."

"ஐயோ, அப்பா. நான்தான் பக்தின்னு எழுதினேன், கேள்விக்குறி போட்டு."

"நீ கேள்விக்குறி போட்டே இல்ல?"

அவள் பேழையை அவர் கையிலிருந்து வாங்கினாள். நாற்காலியின் இரும்புக்காலில் ஒரு தட்டு. கண்ணாடி இரண்டாகப் பிளந்தது. வெல்வெட்டோடு சேர்த்துப் பென் டிரைவைப் பிய்த்தெடுத்து, பையிலிருந்த மடிக்கணினியில் செருகினாள்.

"கேளு. இது நம்மளுது."

இயர்போனில் ஒன்றை அவர் காதிலும் ஒன்றைத் தன் காதிலும் வைத்தாள். இங்கே எதிரொலி இல்லை. தறி தட்டியது. தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி கேட்டது. மைக்கை அவள் புடவைத் தலைப்பில் குத்தியிருந்தார் காசிநாதன், தேவேந்திரனுக்கு நினைவிருக்கிறது. அவள் மூச்சு கூடக் கேட்டது. ரேஷன் கடை. கிழிந்த பனியன். மூணாவது காபி. பாலாடை. தேவேந்திரன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அகிலா தலையாட்டினாள். உள்ளே வரச் சொல்லி முப்பது வருடம் கழித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பால் கார்டு வந்தது.

சிரிப்பு வந்தது.

நாலடி தள்ளி உட்கார்ந்தவர் சிரித்த சிரிப்பு. முதலில் ஒரு செருமல், பிறகு மூக்கு வழியாக. தறி அந்த இடத்தில் ஒரு தட்டு தவறியது.

அகிலா அதை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் செருமல், சிரிப்பு, தறியின் தவறிய தட்டு.

"அப்பா, இது ரெக்கார்டிங்லயே இருக்குது" என்றாள். இன்னொரு தரம் கேட்டாள். "உனக்கு உன் சிரிப்பே தெரியலியா?"

தேவேந்திரன் மடிக்கணினியின் திரையைப் பார்த்தார். அதில் ஒரு கோடு மேலும் கீழும் போய்வந்தது.

"உன் சிரிப்புக்கு அடியில அம்மா இன்னாவோ சொல்றாங்க. பாட்டு மாதிரி இல்ல, பேச்சு மாதிரி இருக்குது. இன்னாபா அது?"

திரைக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி அழைத்தது. "ஒரு மகிழ்ச்சியான அறிவிப்பு. திட்ட உதவியாளர் செல்வி அகிலா மேடைக்கு வரவும்."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அகிலா எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

"சொல்லுப்பா. இன்னா சொல்றாங்க அம்மா?"

"இன்னொரு தரம் போடும்மா" என்றார் அவர்.

அவள் போட்டாள். அவர் மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். சிரித்தது அவர்தான். வேறு யாரும் இல்லை.